ஒன்பதரை பஸ்ஸின் பாப்பா

நாக்கில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழிப்பதைக் கண்டக்டர் தாண்டவராயன் விட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. விழுப்புரம்–திண்டிவனம் தடத்தில் இது சின்னச் செய்தி இல்லை. ஐந்து வருஷமாக அந்த ஒரே விரலை நாக்கில் ஒற்றி ஒற்றித்தான் அவன் டிக்கெட் கொடுத்துவந்தான். அந்த எச்சிலை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு, பெண் பார்க்கப் போனவர்கள் உண்டு. ஒருவரும் முகம் சுளித்ததில்லை. இப்போதோ அவன் தோல்பையோடு ஒரு கொட்டாங்குச்சியைச் சணலில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அதற்குள் ஈரத்துணி, துணியில் வேப்பிலை கொதிக்கவைத்த தண்ணீர். விரலை அதில் தோய்த்துத்தான் கிழிப்பான்.

"தம்பி, டிக்கெட்டு கசக்குது" என்பாள் கோவிந்தம்மாள். விக்கிரவாண்டியில் ஏறித் திண்டிவனம் சந்தையில் வெற்றிலை விற்கிறவள். இரண்டு கையும் கூடையைப் பிடித்திருக்கும் என்பதால் டிக்கெட்டைப் பல்லில் கவ்விக்கொள்வது அவள் வழக்கம்.

"கசந்தா நல்லதுக்கா. ஜுரம் அண்டாது."

"ஜுரம் எப்பவோ ஊர விட்டுப் போச்சு. நீதான் அத இன்னும் கூப்டுக்கினு இருக்கற."

பஸ் முழுக்கச் சிரிக்கும். தாண்டவராயன் மட்டும் சிரிக்கமாட்டான். அவனுக்கு இருந்த கவலை அப்படி.

ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோடையில் கப்பலில் வந்து மதராஸில் இறங்கிய ஃப்ளூ ஜுரம், அங்கே வேலையை முடித்துக்கொண்டு ரயிலேறி விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியது. எங்கள் பக்கத்தில் அதற்குக் கப்பல் ஜுரம் என்று பேர் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு இரண்டு பேர் படுத்தார்கள். அறுபது பேரைத் திணித்துக்கொண்டு போகிற பஸ் ஆறு பேரோடு போனது. தாண்டவராயனுக்கும் வந்தது. மூன்று நாள் வாடகை அறையில் கிடந்து, ஒரு கிழிந்த ஜமக்காளத்துக்குள் நடுங்கி, நான்காம் நாள் எழுந்து கஞ்சி குடித்தான். அவன் மனைவி அம்சா அப்போது பிரசவத்துக்காகத் திண்டிவனத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஆனி ஆறாம் தேதி பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. அவன் ஒரு சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தான். நாளை மறுநாள் போவதாக ஏற்பாடு.

அந்த நாளை மறுநாள்தான் டிரைவர் சுப்பராயலு கெடுத்தார்.

சுப்பராயலுவுக்கும் ஜுரம் வந்திருந்தது. மலைபோல் உடம்பு அவருக்கு. நான்காம் நாளே "ஜுரமாவது மண்ணாவது" என்று தலைக்கு ஊற்றிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பஸ் மெதுவாக ரோட்டை விட்டு இறங்கியது. ஏதோ தெரிந்தவர் வீட்டுக்குப் போகிற மாதிரி சாவகாசமாக இறங்கி, உழுது போட்டிருந்த ஒரு கொல்லையில் புதைந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தாண்டவராயன் ஓடிப்போய்ப் பார்த்தபோது சுப்பராயலு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு கிடந்தார். தொட்டால் சுட்டது. அதற்கப்புறம் பதினைந்து நாள் நெஞ்சுச் சளியோடு அவர் பட்டபாடு கொஞ்சமில்லை.

அன்றைக்கு அந்தக் கொல்லையில் நின்றுகொண்டு தாண்டவராயன் ஒரு முடிவுக்கு வந்தான். போய்விட்டது என்று சொல்கிற ஜுரம் போகவில்லை, எங்கேயோ பதுங்கியிருக்கிறது. அவசரப்பட்டு எழுந்தவனைத்தான் அது தேடிப் பிடிக்கிறது. தன் கையைத் திருப்பிப் பார்த்தான். ஒரு நாளைக்கு நானூறு பேர் தொட்ட காசு இந்தக் கையில் ஏறி இறங்குகிறது. இந்தக் கையால் இரண்டு நாள் குழந்தையை எப்படித் தூக்குவது? கஞ்சி போட்ட சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான்.

சரி, தான் போகாமல் இருந்துவிடலாம். ஊர் போகாமல் இருக்குமா? குழந்தை பார்க்க வருகிறவர்களை வராதே என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? அதற்குத்தான் அவன் ஒரு யோசனை கண்டுபிடித்தான். கொஞ்சம் அபசாரமான யோசனைதான். மாமியார் வீடு திண்டிவனத்து எல்லையில், ரோட்டை ஒட்டியே இருந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, வாசலில் நின்ற மாமியார் குப்பம்மாளைப் பார்த்துக் கத்தினான்.

"அத்தே! வாசல்ல வேப்பிலை கட்டிடுங்க!"

குப்பம்மாள் வாயில் கைவைத்தாள். "மாப்ளே! அம்மை போட்ட வூட்லதான் வேப்பிலை கட்டுவாங்க. ஆத்தா வராத வூட்ல வந்துட்டான்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்யோ மெய்யோ, ஒரு குஞ்சு உள்ள வராது. அதான் வேணும் நமக்கு."

குப்பம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வராத அம்மனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கட்டினாள். அவன் சொன்னது அப்படியே பலித்தது. வேப்பிலை கட்டிய வாசலை எவரும் மிதிக்கவில்லை. கீரைக்காரி எதிர்ச்சாரியில் நடந்தாள். பால்காரர் சொம்பைத் தெருமுனையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

குழந்தையை எப்படிப் பார்ப்பது? அதற்கு வழி சொன்னவள் அம்சா. ஒன்பதரைக்கு விழுப்புரத்தில் கிளம்புகிற பஸ் பத்தே முக்காலுக்கு அந்த வாசலைத் தாண்டும். ஹாரன் சத்தம் கேட்டதும் அவள் குழந்தையை இரண்டு கையாலும் ஏந்தி, வாசற்படியில் நின்று தூக்கிக் காட்டுவாள். சுப்பராயலுவுக்குப் பதிலாக வந்த டிரைவர் பஸ்ஸை ஊர்ந்து போக விடுவார். தாண்டவராயன் ஜன்னலில் தலையை நீட்டியபடி பார்ப்பான். கண்ணில் தண்ணீர் வரும். புழுதி என்று சொல்லிக்கொள்வான்.

அவன் மட்டுமா பார்த்தான்? பஸ்ஸே பார்த்தது. வாரம் திரும்புவதற்குள் அந்தத் தடத்தின் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் வலதுபக்க ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு அபிப்பிராயம்.

"மூக்கு அப்பங்காரன் மூக்குதான். பாவம், பொண்ணாச்சே."

"இன்னிக்குக் கொஞ்சம் கறுத்த மாதிரி இல்ல?"

"நெழல்ல காட்டறாம்மா. அதான்."

இருபத்தொன்றாம் நாள் கோவிந்தம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே குதியாகக் குதித்தாள். "அடி ஆத்தே! ஒரே நாள்ல இன்னா பெருத்துடிச்சி பாரு! நல்லா கொழுகொழுன்னு!" ஜன்னல் வழியே திருஷ்டியும் கழித்தாள். மறுநாளும் அதே கொழுகொழு. தாண்டவராயனுக்கு நெஞ்சு விம்மிப்போய், விசில் ஊதவேண்டிய இரண்டு ஸ்டாப்பில் ஊதவில்லை. இறங்கவேண்டியவர்கள் அரை மைல் திரும்பி நடந்தார்கள்.

ஆடி பிறந்தது. ஜுரம் தேய்ந்துகொண்டே வந்து ஒருநாள் பேச்சிலிருந்தும் போய்விட்டது. பள்ளிக்கூடம் நிறைந்தது, சினிமாக் கொட்டகை நிறைந்தது, பஸ்ஸும் மறுபடியும் மூச்சுவிட இடமில்லாமல் நிறைந்தது. ஊர் ஊராக மாரியம்மனுக்குக் கேப்பைக்கூழ் ஊற்றினார்கள். திரும்பிவந்த சுப்பராயலு இரண்டு சுற்று இளைத்திருந்தாலும் முன்பைவிட வேகமாக ஓட்டினார்.

"தாண்டவா, கொழந்தைக்கு இன்னும் பேரு வைக்கலியாமே?"

"அப்பன் காதுல சொல்லணும் இல்லண்ணே. நான் போனாதானே."

"போயேன்டா. பேஜாரு புடிச்சவன்டா நீ."

"இன்னும் ஒரு வாரம் போவட்டும்ண்ணே."

"இத எத்தினி வாரமாச் சொல்லிக்கினு இருக்கற?"

ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாரமும் சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னான். வாரம் முடியும், யாராவது பின் சீட்டில் தும்முவார்கள், தும்மியவர் பொடி போட்டுத் தும்மினாரா, ஜுரம் வந்து தும்மினாரா என்று பாராமலே அவன் இன்னொரு வாரத்தைக் கூட்டிக்கொள்வான். குழந்தையைத் தொடுகிற ஆசை விரல் நுனியில் அரிப்பாகவே எடுத்தது. பயமும் அதே விரலில்தான் இருந்தது.

ஆடி மூன்றாம் வெள்ளி. பத்தே முக்காலுக்குப் பஸ் அந்த வாசலை நெருங்கியது. தாண்டவராயன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தவன், "அண்ணே, நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறினான்.

வாசலில் வேப்பிலை இல்லை.

"அத்தே! வேப்பிலை எங்க?"

குப்பம்மாள் மஞ்சள் பூசிக் குளித்த முகத்தோடு வெளியே வந்தாள். "அவுத்துட்டோம் மாப்ளே. மூணாந் தண்ணி ஊத்தியாச்சு. கூழு காச்சி, ஆத்தாளக் கும்புட்டு அனுப்பியாச்சு."

"யாரக் கேட்டு அவுத்தீங்க? இன்னும் ஒரு வாரம் போவட்டும்னு சொன்னேன் இல்ல? திரும்பக் கட்டுங்க!"

"அனுப்பி வச்ச ஆத்தாள எப்படித் திரும்பக் கூப்புடறது? வெளையாட்டா மாப்ளே? இது உங்க பஸ்ஸா, விசிலடிச்சா ரிவர்ஸுல வர?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு அடங்கச் சுப்பராயலு இரண்டு தரம் ஹாரன் அடிக்கவேண்டியிருந்தது. இல்லாத அம்மைக்கு எதற்கு மூன்று தண்ணீர் ஊற்றினாள் இந்த மாமியார் என்று யோசிக்கிற நிலையில் தாண்டவராயன் இல்லை. கட்டுவது அவன் கையில் இருந்தது; அவிழ்ப்பது அவன் கையில் இல்லை என்பது மட்டும்தான் அவனுக்கு உறைத்தது.

சனிக்கிழமை பார்த்தால் வாசல் நிறையப் பெண்கள். ஒன்றரை மாதத்துப் பாக்கியை ஒரே நாளில் தீர்த்துக்கொள்ள வந்தவர்கள் மாதிரி. குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. கீரைக்காரி கொஞ்சினாள். தெருமுனையோடு நின்ற பால்காரர் உச்சி மோந்தார். தாண்டவராயன் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். பயத்தோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பொறாமையும் பொங்கியது. ஊரே தூக்கியாயிற்று. பெற்றவன் மட்டும் ரோட்டில் போகிறான்.

திங்கட்கிழமை பத்தே முக்கால். ஹாரன் அடித்தது. வாசலில் யாரும் இல்லை. சுப்பராயலு இன்னொரு தரம் அடித்தார். கதவு சாத்தியிருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது.

எப்போதும் ஏதாவது சொல்கிற கோவிந்தம்மாள்கூடக் கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தாண்டவராயன் பூட்டையே பார்த்தான். சொன்னேனே, சொன்னேனே என்று அடித்துக்கொண்டது மனது. சனிக்கிழமை அத்தனை கை. ஞாயிற்றுக்கிழமை ஜுரம் கண்டிருக்கும். இன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். வேறென்ன இருக்கமுடியும்?

பஸ் ஸ்டாண்டு வந்ததோ, ஜனங்கள் இறங்கினதோ, விழுப்புரம் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்ததோ அவனுக்குத் தெரியாது. தோல்பையைக் கழற்றி டிரைவர் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணே, நான் போறேன்."

"எங்கடா?"

"ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒட்டுனாலும் சரி, அதுக்கு ஒட்டுனாலும் சரி, இனிமே என்னால தூரமா நிக்க முடியாதுண்ணே. என் கொழந்தைய நான் தூக்கணும்."

படியில் கால் வைத்தான்.

"கண்டக்டரே! விழுப்புரம் ஒண்ணு குடுங்க" என்றது பெண்கள் சீட்டிலிருந்து ஒரு குரல்.

இரண்டு வருஷம் கேட்டுப் பழகின குரல். திரும்பினான். முதல் சீட்டு ஜன்னலோரத்தில் அம்சா உட்கார்ந்திருந்தாள். தலை நிறைய கதம்பம். மடியில் மஞ்சள் துணிச் சுருள். பக்கத்தில் குப்பம்மாள். வெற்றிலைக் கூடையோடு இறங்கிய கோவிந்தம்மாள் அதே கூடையோடு திரும்பி ஏறிப் பின்னால் நின்று, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ… நீ எங்க இங்க? ஆடி மாசம் ஆச்சே. அனுப்பமாட்டாங்களே" என்றான் தாண்டவராயன். பேசவேண்டியது ஆயிரம் இருக்க, வாயில் வந்தது அதுதான்.

"ஆடி மாசத்துல புருஷன் வூட்டுக்குத்தான் போவக்கூடாது. புருஷன் பஸ்ஸுல போவக்கூடாதுன்னு எவன் சொன்னான்?" என்றாள் அம்சா. "விழுப்புரம் வரைக்கும் வந்து, ஸ்டாண்டுல கலர் வாங்கிக் குடிச்சிட்டு, இதே பஸ்ஸுல திரும்பிடுவோம். அம்மாகிட்ட சொல்லியாச்சு."

"அது சாத்திரத்துக்கு ஒத்துவருதுதான்" என்று குப்பம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"இத்தினி கூட்டத்துல கொழந்தையக் கொண்டாந்திருக்கியே அம்சா! ஜுரம்…"

"ஜுரமா? அது வந்துட்டுப் போயி எத்தினி நாளாச்சு!"

அவன் படியிலிருந்து காலை எடுத்தான்.

"இருபத்தோராம் நாளு எனக்கும் வந்துச்சு, பாப்பாவுக்கும் வந்துச்சு. ரெண்டு நாளு சுட்டுச்சு. மூணாம் நாளு விட்டுச்சு. வேப்பிலை கட்டுன வூட்டுக்கு எந்த ஜுரம் வந்தா இன்னா, அது ஆத்தாதான்னு அம்மா மூணு வெள்ளிக்கும் தண்ணி ஊத்திச்சு."

"இருபத்தோராம் நாளா? அன்னிக்கு நீ தூக்கிக் காட்டினியே! நல்லா கொழுகொழுன்னு…"

"அது தலவாணி."

கோவிந்தம்மாள் "அய்யய்யோ, தலவாணிக்கா நான் திருஷ்டி கழிச்சேன்!" என்று கூவினாள் பாருங்கள், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. சுப்பராயலு சிரித்த சிரிப்பில் அவர் கை ஹாரனில் விழுந்து அதுவும் சேர்ந்து சிரித்தது.

கண்டக்டர் ஆன ஐந்து வருஷத்தில் முதல்முறையாகப் தாண்டவராயன் பயணி மாதிரி ஒரு சீட்டில் உட்கார்ந்துவிட்டான். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றான்.

"சொல்லியிருந்தா ஓடற பஸ்ஸுல இருந்து குதிச்சிருப்பீங்க. அதான் சொல்லல." அம்சாவின் குரல் தணிந்தது. "எனக்கும் அந்த ரெண்டு நாளு உசுரு எங்கிட்ட இல்லீங்க. நீங்க கட்டச் சொன்ன வேப்பிலையாலதான் வூட்ல ஒரு சந்தடி இல்லாம படுத்துக் கெடந்தோம். அது நல்லதுதான். அதுக்காவ, ஆத்தாளே எறங்கிப் போனப்பறமும் நீங்க பிரேக்குல காலை வச்சிக்கினே இருந்தா எப்படி? பாப்பாவுக்கு இன்னிக்கு நாப்பத்தாறு நாளு. இந்தாங்க, புடிங்க."

அவன் எழுந்தான். கொட்டாங்குச்சித் தண்ணீரை மொத்தமாகக் கையில் ஊற்றித் தேய்த்துக் கழுவினான். முழங்கை வரை கழுவினான். சட்டையில் துடைக்கப் போனவன், சட்டையும் அழுக்கு என்று நினைத்து அப்படியே ஈரத்தோடு கையை நீட்டினான். அம்சா மஞ்சள் சுருளை அந்தக் கையில் வைத்தாள்.

இத்தனை நாள் ரோட்டுக்கு அப்பால் ஒரு துணிப்பொட்டலமாக இருந்தது, இப்போது சூடாக, கனமாக, நெளிந்துகொண்டு இருந்தது. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. அவன் அழுதான். புழுதி என்று சொல்லவில்லை.

"பேரு சொல்லுப்பா! பேரு!" என்றது பஸ்.

சுப்பராயலு மரியாதையாக இன்ஜினை அணைத்தார். குப்பம்மாள் அவசரமாக எழுந்து, "மாப்ளே, முத்துமாரின்னு வேண்டிக்கினு இருக்கேன்" என்றாள். தாண்டவராயனோ ஆறு மாதமாகத் தமிழ்ச்செல்வி என்று மனதுக்குள் வைத்திருந்தான். குழந்தையின் காதருகே குனிந்தான். தமிழ்ச்செல்வி என்று ஒரு தரம் சொன்னான். தமிழ்ச்செல்வி என்று இன்னொரு தரம் சொன்னான். மூன்றாம் தரம், வராத அம்மைக்குக் கட்டிய வேப்பிலையை நினைத்துக்கொண்டு, முத்துமாரி என்றான். குப்பம்மாள் கைதட்டினாள்.

குழந்தை அவன் ஆட்காட்டி விரலைப் பிடித்தது. நானூறு பேரைத் தொடுகிற அதே விரல். அவன் இழுப்பதற்குள் வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பியது. சப்பியதும் முகம் சுருங்கி, உதடு பிதுங்கி, நாக்கை வெளியே தள்ளியது.

"கசக்குது பாவம்!" என்றாள் கோவிந்தம்மாள். "நான் சொன்னப்ப எவன் கேட்டான்?"

"ஜல்திடா தாண்டவா, மணி பன்னெண்டாவப் போவுது" என்று சுப்பராயலு இன்ஜினைக் கிளப்பினார்.

தாண்டவராயன் குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு தோல்பையை மாட்டினான். டிக்கெட் கட்டை எடுத்தான். தாள் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கொட்டாங்குச்சியில் விரலை விட்டான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தோளில் குழந்தை ஏதோ முனகியது. அதைத் தட்டிக்கொடுக்கிற கவனத்திலே, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, விரலை நாக்கில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்து அம்சாவிடம் நீட்டினான்.

பஸ் முழுக்கக் கைதட்டியது. எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. அம்சா டிக்கெட்டை வாங்கி, ஈரம் காயட்டும் என்று ஜன்னல் காற்றில் ஒருதரம் வீசிவிட்டுத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"ரைட்!" என்றான் தாண்டவராயன். விசில் சட்டைப் பையில் இருந்தது; எடுக்கக் கை ஒழியவில்லை.